செல்லம்மா கிள்ளிய இலைகள்

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவின் கிள்ளானில் ராணுவத் தோட்டத்தில் வேலை செய்தேன். நாற்று செத்தால் அடி விழும். அன்று வெயிலில் நட்ட கத்தரி நாற்றுகள் துவண்டன. என்னோடு நட்ட செல்லம்மா தன் வரிசையில் இலைகளைக் கிள்ளி எறிந்தாள். பயத்தில் கங்காணியிடம் ஓடினேன்.

"இவ செடியக் கெடுக்கிறா அண்ணே!"

கங்காணியோடு வந்த ஜப்பான் சிப்பாய் அவளை அறைந்தான்.

"புது வேர் தண்ணிய மேல ஏத்துறதுக்குள்ள வெயில் இலை வழியா குடிச்சிரும். இலையக் குறைச்சாத்தான் பொழைக்கும்," என்று என்னிடம் அழுதாள்.

மறுநாள் அவள் வரிசை நிமிர்ந்து நின்றது. என் வரிசை கருகிக் கிடந்தது. சிப்பாயோடு வந்த கங்காணி கருகிய வரிசையைக் காட்டி, "யார் நட்டது?" என்றார். நான் செல்லம்மாவின் பின்னால் ஒதுங்கினேன்.

"ரெண்டு பேருந்தான் அண்ணே," என்றாள் செல்லம்மா.

ஆளுக்கொரு அறையோடு முடிந்தது. என் கையைப் பிடித்திருந்த அவள் கை நடுங்கியது. துணிந்தவர்களுக்குப் பயமே இராது என்று அதுவரை நினைத்திருந்தேன்.