கார்டு இல்லாத திரையில் அப்பா

பேய், பிசாசு, அருள்வாக்கு எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இன்றும் பெரிதாக இல்லை. கல்பாக்கத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு முள் தவறாகக் காட்டினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அது கிடைக்கும்வரை தேட வேண்டும், அவ்வளவுதான். நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன், இல்லாததை எழுதிப் பழக்கமில்லை. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

புது நூற்றாண்டு பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் நான், என் மனைவி மல்லிகா, என் அப்பா என்று மூன்று பேர். அப்பாவுக்குச் சொந்த ஊர் கருங்குழி. அம்மா போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். வந்த கொஞ்ச நாளில் மறதி ஆரம்பித்தது. முதலில் சாவியை வைத்த இடம், பிறகு தெரு, பிறகு மல்லிகாவின் பெயர். அவளை 'அந்தப் பொண்ணு' என்றுதான் சொல்வார். என்னை மட்டும் அதுவரை மறக்கவில்லை. சர்க்கரை வேறு, வேளைக்குச் சாப்பிடாவிட்டால் கண்ணை இருட்டிக்கொண்டு விழுந்துவிடுவார்.

அன்று சரஸ்வதி பூஜை. எங்கள் வீட்டில் புத்தகங்களோடு கம்ப்யூட்டருக்கும் பூஜை உண்டு. அதிலும் நான் ஒரு முறை வைத்திருந்தேன். பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் கார்டுகளைக் கழற்றித் தூசி தட்டிச் செய்தித்தாளில் வரிசையாக வைப்பேன். கடல்காற்றில் அவற்றின் பித்தளை நிறப் பற்கள் கறுத்துப் போயிருக்கும், பென்சில் ரப்பரால் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். அந்த வருஷம் மல்லிகா பின்னாலேயே வந்து ஒவ்வொரு கார்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். பெட்டிக்கு வெளியே வைத்தால் போதாதா என்று கேட்டேன். "வேல செய்யறது உள்ள இருக்கறதுதானேங்க" என்றாள். எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தி மூடி மாலை போட்டோம். பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுப்பது வழக்கம்.

பூஜை முடிந்து இலை போட்டுக் கூப்பிட்டபோது அப்பா இல்லை.

செருப்பு வாசலிலேயே கிடந்தது. பஸ் ஸ்டாப்பில் பூ விற்கிற அம்மா, வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் மகாபலிபுரம் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார். அப்பா எப்போதும் வெள்ளைதான். டவுன்ஷிப் ஆட்டோக்கள் எல்லாம் மாலை போட்டுப் பொட்டு வைத்து நின்றுகொண்டிருந்தன. அந்தோணியின் ஆட்டோ மட்டும் ஓடியது. "இன்னிக்கு சரஸ்வதி உங்கள கைவுட்டாலும் மாதா வுட மாட்டா, குந்து அண்ணாத்த" என்றான். அந்த வேடிக்கையை ரசிக்கும் நிலையில் நான் இல்லை. சதுரங்கப்பட்டினம், மகாபலிபுரம், கடற்கரை, பஸ் நிலையம் என்று வடக்கே போய் ஒவ்வொரு வெள்ளைச் சட்டையையும் முகத்துக்கு நேரே போய்ப் பார்த்தோம். வெயில் ஏறிக்கொண்டே போனது. அவர் காலையில் குடித்தது அரை டம்ளர் காபி, அதுவும் சர்க்கரை இல்லாமல்.

ஸ்டேஷனில் புகார் வாங்கிக்கொண்டார்கள். போட்டோ கேட்டார்கள். என் பர்ஸில் இருந்த பழைய போட்டோவைக் கொடுத்தேன். அதில் அப்பாவுக்கு அடர்ந்த மீசை, கருகருவென்று முடி, என் இப்போதைய வயது. ஏட்டு அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்த வச்சிகினு தேடுனா உங்களத்தான் சார் புட்ச்சிகினு வருவோம். இப்ப எப்டி கீறாரோ அந்த போட்டோ எடுத்துனு வாங்க. ராத்திரிக்குள்ள நாலு ஸ்டேஷனுக்கு அனுப்பிடலாம்."

அப்படி ஒரு போட்டோ இருந்தது. ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் டிஜிட்டல் கேமராவில், மீசை எடுத்துக் கன்னம் ஒட்டிப்போன அப்பாவை எங்கள் பால்கனியில் நிற்கவைத்து எடுத்தது. அதை என் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு கேமராவில் அழித்துவிட்டார். விடுமுறைக்கு நாகர்கோவிலுக்கும் போய்விட்டார். எங்கள் பிளாக்கில் கம்ப்யூட்டர் வைத்திருந்த மற்ற இரண்டு வீடும் பூட்டிக் கிடந்தன. ஸ்டுடியோ, பிரவுசிங் சென்டர் எல்லாம் வாழைக்கன்று கட்டி ஷட்டர் இறக்கியாயிற்று. ஆக, அப்பாவின் இன்றைய முகம் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது, அது மாலை போட்டுப் பூஜையில் இருந்தது.

"சாமி ஒண்ணும் கோச்சிக்காது, போடுங்க" என்றாள் மல்லிகா.

போட்டேன். விண்டோஸ் வந்தது. போட்டோ இருந்த இடத்தைத் திறந்தேன். மேலிருந்து கீழாகப் படம் இறங்கத் தொடங்கியது. நரைத்த முடி, நெற்றி, ஒரு புருவம். அதோடு நின்று, பச்சைக் கட்டங்களாக உடைந்து, திரை கறுத்துவிட்டது. மறுபடி போட்டால் பெட்டி ஒரு தடவை நீளமாகவும் இரண்டு தடவை குட்டையாகவும் பீப் அடித்தது. திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தம்.

திறந்து பார்த்தால், வைத்த சந்தனம் ஈரத்தோடு வழிந்து கார்டின் பற்களுக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது. மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைத் தேற்ற நேரமில்லை. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டினேன், ரப்பரால் தேய்த்தேன், ஸ்பிரிட்டால் துடைத்தேன், பொருத்தினேன். பீப். கழற்றி ஸ்லாட்டை ஊதினேன், பொருத்தினேன். பீப். கார்டின் சின்ன விசிறி சுற்றவில்லை என்று டேபிள் ஃபேனைப் பெட்டிக்குள் திருப்பிவைத்தேன். இந்தத் தடவை கோடு கோடாக ஏதோ வந்தது, ஆனால் போட்டோவைத் திறப்பதற்குள் கறுத்தது. ஒவ்வொரு தடவை கறுக்கும்போதும் அப்பா எங்கேயோ விழுகிறார் என்றே தோன்றியது. மல்லிகா என் பக்கத்தில் நின்று சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

இனிமேல் சொல்வதைத்தான் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

பெட்டியின் ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கித் தரையில் போட்டிருந்தேன். கார்டு என் இடது உள்ளங்கையில் இருந்தது, வலது கையில் ரப்பர். அந்த மதர்போர்டில் திரைக்குப் படம் அனுப்ப வேறு வழி கிடையாது, கார்டு இருந்தால்தான் உண்டு. மானிட்டருக்கு மட்டும் தனி ப்ளக், அதன் ஆரஞ்சு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்த விளக்கு பச்சையானது. மல்லிகா என் தோளைப் பிடித்தாள்.

திரையில் அப்பா.

பால்கனி போட்டோ இல்லை. பெரிய சிமெண்ட் தூணின் நிழலில் மணலில் உட்கார்ந்திருந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணுக்கு மேலே கையை வைத்து, எதிரே எதையோ கூர்ந்து பார்க்கிற மாதிரி எங்களையே பார்த்தார். பின்னால் வரிசையாகத் தூண்கள், கோரைப்புல், ஒரு கோடு தண்ணீர். போட்டிருந்தது வெள்ளைச் சட்டை இல்லை, என்னுடைய நீலக் கட்டம் போட்ட சட்டை. மூச்சை இழுத்து விடுகிற நேரம் இருந்திருக்கும். திரை கறுத்தது, விளக்கு மறுபடி ஆரஞ்சானது.

"பாத்தியா?" என்றேன். "உங்க சட்டை" என்றாள். எனக்குச் சந்தேகம் தீரவில்லை. கொடியில் போய்ப் பார்த்தேன். கிளிப் இரண்டும் இருந்தன, நீலச் சட்டை இல்லை. அப்படியானால் பூக்கார அம்மா பார்த்தது வேறு யாரையோ. நாங்கள் நாளெல்லாம் தவறான திசையில் தேடியிருக்கிறோம்.

அந்தத் தூண்களை எனக்குத் தெரியும். பாலாற்றுப் பாலம். தெற்கே, கருங்குழிக்குப் போகிற வழி.

மல்லிகாவும் என்னோடு ஆட்டோவில் ஏறினாள். அந்தோணியிடம் எப்படித் தெரியும் என்று சொல்லவில்லை, பாலத்துக்கு விடு என்று மட்டும் சொன்னேன். அவனும் கேட்கவில்லை. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பாலத்தின் பக்கவாட்டுச் சரிவில் இறங்கி, மணலில் கால் புதையப் புதைய ஓடினேன். மூன்றாவது தூணோ நான்காவதோ, இவ்வளவு எழுதுகிற எனக்கு அது மட்டும் நினைவில்லை. அதே நிழலில், அதே மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு, என் நீலச் சட்டையில் அப்பா உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்து, வேர்த்து, கை சில்லென்று இருந்தது. மல்லிகா கொண்டுவந்த சர்க்கரைத் தண்ணீரை ஊட்டினோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண் என்மேல் நின்றது.

"இன்னாடா, அந்தத் தகட்ட ரப்பர் போட்டு எவ்ளோ நேரம் தேச்சிகினே இருப்ப" என்றார். "அந்தப் பொண்ணு வேற பக்கத்துல நின்னு அழுதுகினு கீது."

அவர் வீட்டில் இல்லாதபோதுதான் நான் கார்டைத் தேய்த்தேன், அவள் அழுதாள். காலையில் பூஜைக்கு முன்பும் தேய்த்தேனே, அதைச் சொல்கிறார் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். காலையில் மல்லிகா அழவில்லை.

வீட்டுக்கு வந்து அவரைப் படுக்கவைத்தோம். டவுன்ஷிப் ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். கம்ப்யூட்டர் அறை வாசலில் கட்டில், கதவு திறந்திருந்தது. மல்லிகா ஒரு தட்டில் மூன்று டம்ளர் டீ கொண்டுவந்தாள். அப்பா தன்னுடையதைக் கையில் வாங்கி, குடிக்காமல், தட்டையே பார்த்தார்.

"அவருக்கு?"

"யாருக்கு நைனா?" என்றேன்.

"உங்க ரெண்டு பேருக்கும் பின்னாடி நின்னாரே, அவருக்குத்தான். அவருதான் என்ன அங்கியே குந்த சொன்னாரு. எங்கியும் போவாத, உன் புள்ள வருவான்னாரு." அவர் குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. "வூட்டுக்கு வந்த மனுசனுக்கு ஒரு டீ குடுக்க மாட்டீங்களா?"

அறையை நான் அளந்து பார்த்தேன், அது என் பழக்கம். நாங்கள் மேஜைக்கு முன்னால் நின்றபோது எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது இரும்பு பீரோ. மல்லிகாவின் முந்தானை அதன் கைப்பிடியில் உரசிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் கிடையாது.

அந்தக் கார்டு பிறகு வேலை செய்யவே இல்லை. அப்பா அதன் பிறகு இரண்டு வருஷம் இருந்தார், அந்த மனிதரைப் பற்றி மறுபடி பேசவில்லை. கேட்டாலும் எங்களைத்தான் யாரோ என்பதுபோலப் பார்த்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து நாங்கள் ஊரப்பாக்கத்துக்கு வந்துவிட்டோம். இப்போது வீட்டில் நானும் மல்லிகாவும் மட்டும்தான். சாயங்காலம் டீ போடும்போது அவள் மூன்று டம்ளர் எடுத்து வைக்கிறாள். நான் பார்ப்பதைப் பார்த்தால் ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிடுவாள். நான் பார்க்காத நாட்களில் என்ன செய்கிறாள் என்று இதுவரை கேட்கவில்லை. ஆனால் கழுவும் தொட்டியில் மூன்று டம்ளர் கிடக்கும், மூன்றிலும் டீ குடித்த கறை இருக்கும்.