பிள்ளைகள் வராத பள்ளிக்கு இன்னொரு வாத்தியார்

ஏலமலையில் எங்கள் தமிழ்ப் பள்ளியின் எல்லா வகுப்புக்கும் நான் ஒருவன்தான் வாத்தியார். இன்னொருவரை நியமிக்கவும் பிள்ளைகளுக்குச் சிலேட்டு வாங்கவும் பஞ்சாயத்துப் பணம் கேட்டு, இன்று பிரசிடென்டைப் பார்த்தேன்.

"சாரே, அங்க பாதி பெஞ்சு காலி. வராத பிள்ளைகளுக்கு எதுக்கு இன்னொரு சார்?" என்றார்.

என்னோடு வந்திருந்த முத்துலட்சுமி அவருடைய தோட்டத்தில்தான் ஏலக்காய் எடுக்கிறாள்.

"ஐயா, சின்ன விரலுக்குத்தான் காய் நோகாம வரும், மகளையும் கூட்டியான்னு உங்க கங்காணிதானே சொல்றாரு. பெறகு அவ எப்படிப் பள்ளிக்கூடம் போவா?"

பிரசிடென்ட் அசரவில்லை. "அது எஸ்டேட் காரியம். அதை இங்க பேசக்கூடாது. எஸ்டேட் ஆபீசுல முதலாளிகிட்ட சொல்லு."

நாளை அங்கே போகிறோம். அந்த நாற்காலியிலும் இவரேதான் உட்கார்ந்திருப்பார். கூட யார் வருகிறீர்கள்?