பெயர் உதிர்ந்த இரண்டு பாட்டில்கள்

இருபத்தாறு வருஷமாக அந்தப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவளை எல்லோரும் ஆய்வகத்து அக்கா என்பார்கள். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. ஆனால் கழுவிய குடுவை காய்கிறவரை கை கட்டி நிற்கத் தெரியாதவள். மேசையில் கிடக்கும் பாடப்புத்தகத்தை எடுத்துப் புரட்டுவாள்.

செய்முறைத் தேர்வன்று காலை அலமாரியைத் திறந்தால், கூரை ஒழுகி இரண்டு பாட்டில்களின் பெயர்ச்சீட்டுகளும் கூழாகியிருந்தன. இரண்டிலும் வெள்ளைத் தூள். ஒன்று குளுக்கோஸ், இன்னொன்று சோடியம் பென்சோயேட். இடது பக்கத்தது பென்சோயேட், வைத்தவளே நான்தான் என்றாள் அக்கா. வேதியியல் டீச்சர் பிரசவ விடுப்பில் இருந்ததால் பொறுப்புக்கு வந்திருந்த இயற்பியல் சாருக்கு வாய்வார்த்தை போதவில்லை. இரண்டையும் காய்ச்சி வடித்த தண்ணீரில் தனித்தனியாகக் கரைத்து, பேட்டரியோடும் ஒரு சின்ன விளக்கோடும் கம்பியால் இணைத்த கரிக்குச்சிகளை இடது பக்கத்துக் குவளையில் விட்டார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. அப்படியே எடுத்து வலது பக்கத்தில் விட்டார். மங்கலாக அதுவும் எரிந்தது.

"கார்பன் இருந்தாலே எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கும், கரண்ட் போகாதுன்னுதானே படிச்சோம். ரெண்டும் எரியுதுன்னா ஏதோ கலந்திருக்கு. நீங்க சரியா கழுவல."

இந்தத் தூள்கள் வரும் கேள்வியையே தேர்விலிருந்து எடுத்துவிடுவதாகவும், தலைமையாசிரியைக்கு எழுதப்போவதாகவும் சொன்னார். தன் கழுவலைக் குறை சொன்னதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"கழுவாதது என் சாமான் இல்ல சார், உங்க குச்சி. இடது பக்கத்துத் தண்ணி அதுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கு."

குச்சிகளை அதே சுத்தத் தண்ணீரில் மூன்று தரம் அலசினாள். வலது பக்கத்துத் தூளை வேறு குவளையில் புதிதாகக் கரைத்து, இந்த முறை அதில் முதலில் விட்டாள். விளக்கு எரியவே இல்லை. இடது பக்கத்தில் விட்டதும் எரிந்தது.

"பென்சோயேட்டுக்குள்ள கார்பன் எல்லாம் பங்காளிங்கதான் சார். சோடியத்தோட மட்டும் கொடுக்கல் வாங்கல். தண்ணியில போட்டா அந்த உறவு பிரிஞ்சு ஆளுக்கொரு திசையா ஓடும். அந்த ஓட்டத்துலதான் லைட் எரியுது. குளுக்கோஸ்ல பங்கு மட்டும்தான், யாரும் பிரியல."

சந்தேகம் தீர இரண்டிலும் ஒரு சிட்டிகையைக் கரண்டியில் வைத்துச் சூடு காட்டினாள். குளுக்கோஸ் இளகி, பழுப்பேறி, பாகாக மணத்தது. பென்சோயேட் அசைந்து கொடுக்கவில்லை.

 சார் புதுச் சீட்டுகளை எடுத்தார். ஆசிரியர்கள் மட்டுமே எழுதும் சீட்டுகள் அவை.

"சோதிச்சவங்க கையெழுத்துன்னு ஒரு இடம் இருக்கு அக்கா. நீங்களே போடுங்க."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, முழுப்பெயரையும் முத்து முத்தாக எழுதினாள். இரண்டு பாட்டிலிலும். சீட்டு வெளியே தெரியும்படி திருப்பி வைத்துவிட்டு, குச்சிகளை இன்னொரு தரம் கழுவப் போனாள்.