சினிமாவுக்காக வெள்ளையடித்த தெரு

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஒரு பையன் வந்தான். கையில் விசிறி மாதிரி விரியும் ஓர் அட்டை. அதில் வெள்ளையிலேயே அத்தனை ரகம்! "இதுல எந்த வெள்ளைம்மா?" என்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏப்பா, சுண்ணாம்பு அடிக்க மாட்டியா?" என்று கேட்டேன். "அதெல்லாம் இப்ப யாரும்மா அடிக்கிறா, கை வெந்துபோகும்" என்றான். வெந்துபோகும்தான். எங்கள் ராசிங்காபுரத்தில் ஒரு தெருவே கை வெந்து நின்ற கதை எனக்குத் தெரியும். உட்காருங்கள், சொல்கிறேன். காபி ஆறிப்போனால் என்னைக் குறை சொல்லக் கூடாது.

சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதகொதவென்று கொதிக்கும். அப்போது ஒரு வாசம் வரும். எனக்கு அதோடு ஏலக்காய் வாசமும் ஒட்டிக்கொண்டே வரும். காரணம் எங்கள் வீட்டுக்காரர். நான் வாழ்க்கைப்பட்டுப் போடிக்கு வந்த புதிதில் அவர் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்குப்பிள்ளை. சட்டையைத் துவைத்து, காயப்போட்டு, மடித்து வைத்தாலும் மணம் போகாது. "பாயசத்துக்கு ஏலக்காய் வாங்க வேண்டாம், உங்க சட்டைய ஒரு முக்கு முக்குனாப் போதும்" என்று கேலி செய்வேன்.

அந்த மனுஷனுக்குச் சினிமாப் பைத்தியம். படம் பார்க்கிற பைத்தியம் இல்லை. படம் எடுக்கிறவர்களை ஊருக்குக் கூட்டிவருகிற பைத்தியம். எழுபதுகளின் கடைசியில் ஒரு கம்பெனி பாட்டு எடுக்க மலையடிவாரத்துக் குரங்கணிக்கு வந்து, சேற்றில் சிக்கிய அவர்கள் ஜீப்பை இவர் ஆள் திரட்டித் தள்ளிவிட்டதில் ஆரம்பித்தது. "மலையப் பாத்து அவுக வாயப் பொளந்ததை நீ பாக்கணும்டி! எல்லாரும் பொள்ளாச்சிக்கே ஓடுறாங்க. நம்ம ஊருல என்ன இல்ல? ஏறுனா குளிரு, எறங்குனா வெயிலு, ஒரே நாள்ல ரெண்டையும் எடுத்துறலாம்" என்று அன்று முழுக்கப் பேசினார். அடுத்த மாதமே கடை வேலையை விட்டுவிட்டார். "போயிட்டு வா அப்பு, வெரசா இங்கதான் வந்து நிப்ப" என்றாராம் முதலாளி. அந்தச் சொல் இவருக்கு முள்ளாகத் தைத்துவிட்டது.

லாட்ஜில் அறை பிடிப்பது, ஜீப்பு பேசுவது, எஸ்டேட்காரர்களிடம் அனுமதி வாங்குவது, மாடு, வண்டி, கூட்டத்துக்கு ஆள் எல்லாம் அவர் சோலி. சாப்பாடு என் சோலி. மெட்ராஸ்காரர்களுக்கு நம் காரம் ஆகாது. லைட்டுக்காரர் ஒருவர் மட்டும் என் ரசத்தை டம்ளர் டம்ளராகக் குடித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய இன்னும் கேட்பார். குரங்கணியில் ஒரு தடவை எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கிற பெண்கள் கூடையோடு ஓடி வந்து, "சேச்சி, நாயிகா எவிடெ?" என்று மலையாளத்தில் கதாநாயகியைக் கேட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மரத்தடியில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு என் எலுமிச்சம் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டினேன். அவர்கள் நம்பவே இல்லை. நான் பொய் சொல்கிறேன் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்படிச் சின்னச் சின்னதாகப் பாட்டு எடுத்துக்கொண்டிருந்த இடத்தில், ஒரு டைரக்டர் முழுப் படத்தையும் இங்கேயே எடுக்க வந்தார். பஞ்சத்தில் அடிபட்ட ஊரைப் பற்றிய கதை. தெருத்தெருவாக அலைந்து, கடைசியில் அவருக்குப் பிடித்தது ராசிங்காபுரத்தில் நான் பிறந்த தெரு! காரை பெயர்ந்த சுவரும் புகை படிந்த நிலைப்படியுமாக நின்ற தெருவைப் பார்த்துக் கைதட்டினார். அதிலும் என் சித்தப்பா வீடுதான் கதாநாயகன் வீடு. "ஒரு துரும்பைக்கூட மாத்தக் கூடாது" என்றார். எங்கள் வீட்டுக்காரரும் தெரு ஆட்களைக் கூட்டி வைத்து, "அவுக வரும்போது எதுவும் செய்ய வேண்டாம், இருக்கிறபடி இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு வந்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் அந்தத் தெருவின் மருமகன் என்பதை அவரே மறந்துவிட்டார் பாருங்கள், அங்கேதான் வினை.

படப்பிடிப்பு நாள் காலையில் வேன் தெருமுனையில் திரும்பியதும் எனக்குக் கண் கூசியது. தெரு முழுக்க வெள்ளை! நீலம் கலந்த சுண்ணாம்பு, அடியில் காவிப்பட்டை, வாசலுக்கு வாசல் கோலம், தோரணம், வாழைமரம். மாட்டுக் கொம்புக்குக்கூடப் பெயின்ட் அடித்திருந்தார்கள். சித்தப்பா வெந்துபோன கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். "எப்படி இருக்கு மருமகனே?"

"நாந்தான் ஒண்ணும் செய்ய வேண்டாம்னு சொன்னேனே மாமா!"

"நீங்க அப்படித்தான் சொல்லுவீக. மருமகன் வேணாம்னுட்டா நாங்க விட்டுருவமா?"

அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? எங்கள் பக்கத்தில் விருந்தாளி ஒன்றும் வேண்டாம் என்றால் அடுப்பில் இன்னொரு சட்டி ஏறும். மருமகன் சொன்னால் இரண்டு சட்டி ஏறும். டைரக்டர் வேன் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புரொடக்‌ஷன் மேனேஜர், "பொள்ளாச்சிக்கே போயிரலாம் சார்" என்றார். அவ்வளவுதான், எங்கள் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. இந்தக் கம்பெனி திரும்பிப் போனால் மெட்ராஸில் இருந்து இன்னொரு கம்பெனி வராது. அந்த ஏலக்காய்க் கடைப் படியில்தான் போய் நிற்க வேண்டும். போய்க் களத்துமேட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

வாளியைத் தூக்கிக்கொண்டு நானே வீடு வீடாகப் போனேன். அடுப்புக்கரியும் சாணியும் செம்மண்ணும் கரைத்துச் சுவரில் அடித்துப் பழையபடி அழுக்காக்க வேண்டும் என்றதும், எனக்குப் பேய் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருவராக ஒத்துக்கொண்டார்கள். அந்தச் சித்தப்பா பெண்டாட்டி, என் பேச்சியம்மாள் சித்தி மட்டும் வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள். அவள் மகள் செல்வியைப் பெண் பார்க்கத் தேவாரம் ஊரிலிருந்து வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. சினிமா பாதி, சம்பந்தி பாதி என்று நினைத்துத்தான் அவள் அத்தனை வெள்ளை அடித்திருந்தாள்.

"சினிமா நாளைக்குப் போயிரும்டி. எம் பொண்ணைப் பாக்க வர்றவுக கரிச் சொவத்தப் பாத்துட்டு எந்திரிச்சுப் போனா, ஒம் புருசனா பதில் சொல்லுவாரு?"

"நாளைக்கே திருப்பி அடிச்சுத் தர்றோம் சித்தி."

"போடி அங்கிட்டு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து குரல். "ஏண்டி, மருமகன் சாப்டாரா?"

"பச்சத் தண்ணி குடிக்கல. களத்துல உக்காந்திருக்காரு."

சித்தி களத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். உள்ளே போனாள். கரிச்சட்டியோடு வந்தவள், "செல்வி, அந்தச் சாணி வாளியக் கொண்டா" என்றாள். முதல் வீச்சை அவளேதான் வீசினாள். வீசிவிட்டு என்னைப் பார்த்து, "போய் அந்த மனுசனைச் சாப்பிடச் சொல்லு" என்றாள். இன்றைக்கும் அதை நினைத்தால் அவள் காலைத் தொட்டுக் கும்பிடத் தோன்றுகிறது.

கேளுங்கள், கூத்து அதோடு முடியவில்லை. மத்தியானம் மலையிலிருந்து மேகம் இறங்கிவிட்டது. வெளிச்சம் இல்லை, வேலை முடியவில்லை. அடுத்தடுத்த நாளும் அதே கதை. சுவரைத் தொடவே கூடாது என்று டைரக்டர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமையும் வந்தது, தேவாரத்து ஆட்களும் வந்தார்கள். அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் சித்தி கை கூப்பினாள். "இது எங்க வீட்டு லெச்சணம் இல்லீக. சினிமாவுக்குப் பூசுனது. சுண்ணாம்பு அடிச்ச அன்னிக்கு வந்திருந்தீகன்னா பாலாட்டம் இருந்திருக்கும்." மாப்பிள்ளையின் அம்மா சுவரிடம் போய், நகத்தால் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தார். "உள்ள வெள்ளையாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு எங்கள் வீட்டுக்காரரே ஏணி போட்டு அந்த வீட்டுக்கு வெள்ளையடித்தார். பாதி சுண்ணாம்பு அவர் தலையில்தான் இருந்தது.

படம் போடித் தியேட்டருக்கு வந்தபோது தெருவே டிராக்டரில் ஏறி வந்தது. சித்தி வீடு திரையில் வந்ததும் விசில் பறந்தது. சித்தி மட்டும் எழுந்து நின்று, "எங்க வீடு இப்படி இருக்காது, யாரும் நம்பாதீக!" என்று கத்தினாள். தியேட்டரே சிரித்தது. அவள் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள். படத்தை ஒரு வாரத்தில் தூக்கிவிட்டார்கள்.

ஆனாலும் அதன் பிறகு சில வருஷம் கம்பெனிகள் வந்தன. அவர் கடைப் படி ஏறவே இல்லை, அந்த மட்டும் எனக்குத் திருப்தி. அப்புறம் தேவையான ஊரை மெட்ராஸிலேயே செட்டுப் போட்டுக்கொண்டார்கள். அவரும் போய்விட்டார், சித்தியும் போய்விட்டாள். தெருவில் இப்போது எல்லாம் மாடி வீடு.

பெயின்ட் பையன் வந்துபோன அன்று செல்விக்குப் போன் போட்டேன். திருப்பூரில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள். சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று கேட்டாள்.

"அக்கா, எங்கம்மா வெள்ளையடிச்சுத் தெரு நின்னுச்சே, அன்னிக்கு யாராவது ஒரு போட்டோ எடுத்தாகளா?"

கேமரா வேனில்தான் இருந்தது. பெட்டியைத் திறக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. "இல்லடி" என்றேன்.

"அந்தப் படமாச்சும் எங்கயாவது கெடைக்குமாக்கா? கரியோட இருந்தாலும் பரவால்ல. எங்க வீட்ட ஒரு தடவை பாக்கணும்."

எங்கள் வீட்டுக்காரர் இருந்தபோதே மெட்ராஸ் முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டார். ஓடாத படத்தின் சுருளை யார் பத்திரமாக வைப்பார்கள்?

"அதுவும் இல்லடி செல்வி" என்றேன்.