சாவிக்கு அடங்காத வலிப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில், தா.பழூர் பக்கம் ஒரு பள்ளியில் நான் உயிரியல் ஆசிரியர். ஒருநாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வலிப்பு வந்து விழுந்தேன். கண் விழித்தபோது கையில் ஏழு சாவி, யார் யாரோ திணித்தவை. அந்த நிலையிலும் எண்ணினேன். எண்ணாமல் எனக்கு ஓடாது. இரும்பைப் பிடித்தால் வலிப்பு அடங்கும் என்று எங்கள் பக்கம் படித்தவர்களும் நம்புவார்கள்.

செய்தி எனக்கு முன்னால் பள்ளிக்கு வந்துவிட்டது. தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

"பிள்ளைங்க பயப்படும் சார். லாங் லீவு எழுதிக் குடுங்க. சிறுவாச்சூர் போயி அம்மனைக் கும்பிட்டு, உடம்பைத் தேத்திக்கிட்டு வாங்க."

போனவனைத் திரும்பச் சேர்க்க மாட்டார்கள். எனக்கா தெரியாது? எழுதிக் கொடுக்கவில்லை. திருச்சி டாக்டர் தந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டு, இன்றைக்கா நாளைக்கா என்று பயந்துகொண்டேதான் வகுப்புக்குப் போனேன்.

பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் நடத்தும்போது இடது கட்டைவிரல் சுருசுருத்தது. தெரிந்த சங்கதி. பெரிதானால் வேலை போச்சு. வெளியே போயிருக்கலாம். போகவில்லை. கையைத் தூக்கிக் காட்டினேன்.

"இந்த விரலை எதுவும் தொடல. ஆனா எறும்பு ஊறுது. ஏன்?"

"சார், வருதா சார்?" என்றாள் முன்வரிசைப் பெண்.

"வருது. கையில ஒண்ணுமில்ல. மூளையோட வலது பக்கம், இந்தக் கையை உணர்ற இடத்துல நடக்குது. ஒரு நரம்பு செல்லுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இடைவெளி. மின்துடிப்பு முனைக்கு வந்ததும் அங்க இருக்கிற நுண்ணிய பைங்க திறந்து ரசாயனத்தைக் கொட்டும். அடுத்த செல் அதை வாங்கித் துடிக்கும். துடிக்காதேன்னு அடக்குற ரசாயனமும் உண்டு. எனக்கு அந்த இடத்துல அடக்குறது தோத்துப்போகுது. அதான் தொடாமலே தொட்ட மாதிரி இருக்கு. எண்ணுங்க, எதுவரைக்கும் ஏறுதுன்னு பார்ப்போம்."

வகுப்பே சத்தமாக எண்ணியது. மணிக்கட்டு, முன்கை என்று நான் தொட்டுக் காட்டினேன். நாற்பதைத் தாண்டும்போது தலைமையாசிரியர் சாவிக்கொத்தோடு மூச்சிரைக்க வாசலில் நின்றார். யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"பிடிங்க சார், பிடிங்க!"

"வேணாம் சார். பாடம் நடக்குது."

"சார், அது பித்தளை! கேக்காது!" என்றான் கடைசி பெஞ்சுக்காரன்.

வகுப்பு சிரித்ததில் எண்ணிக்கை தவறிவிட்டது. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. சுருசுருப்பு முழங்கையோடு வடிந்துவிட்டது.

தலைமையாசிரியர் குரலைத் தாழ்த்தினார். "அந்த லீவு லெட்டர்..."

"எழுத மாட்டேன். பயந்தாங்களான்னு நீங்களே கேளுங்க."

கேட்டார். முன்வரிசைப் பெண் மட்டும் எழுந்தாள்.

"அந்த அடக்குற ரசாயனத்துக்குப் பேரு என்ன சார்?"

'காபா' என்று கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். தலைமையாசிரியர் இன்னும் வாசலிலேயே நின்றார்.

"உள்ள வந்து உக்காருங்க சார்," என்றேன். "மணியடிக்க இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு."