முத்திரையைப் பார்த்துத் திறந்த வீடு

அந்த ஊரில் பூட்டுக்காரரின் கைக்கு மசியாத பூட்டு கிடையாது. ஒரு அரமும் இரண்டு கம்பியுமாகப் பிழைப்பைத் தொடங்கி, சொந்தக் கடை போட்டு, மூன்று பெண்களைப் படிக்க வைத்துக் கரையேற்றிய மனிதர். பெரிய படிப்புப் படித்தவனும் சாவியைத் தொலைத்தால் அவர் வாசலில்தான் வந்து நிற்க வேண்டும்.

அரசாங்க ஆட்கள் வீட்டைச் சோதனை போடுவதென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். உத்தரவைக் கண்ணில் காட்டாமல் கம்பியைத் தொடமாட்டார். காகிதத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டி, உதட்டை அசைத்தபடி மனதுக்குள் இருபது வரை எண்ணுவார். பிறகு ‘படித்துப் பார்த்தேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்து.

உண்மையில் அவருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. கையெழுத்தே பழகி வரைந்த படம்தான். வட்ட முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். பெற்ற பெண்களுக்குக்கூடத் தெரியாத இந்த விஷயம், மனைவியைத் தவிர ஒருவருக்குத்தான் தெரியும். சோதனைகளுக்கு அவரைக் கூப்பிட்டு, தாயாய்ப் பிள்ளையாய் இருபது வருஷம் பழகிய ஆபீசர்.

கடைத்தெருவில் கல்வீச்சு நடந்து, மூன்று நாள் தெருவில் கூட்டம் கூடத் தடை வந்தது. நியாயம்தான் என்றார் பூட்டுக்காரர். அவர் கடைக் கண்ணாடியும் உடைந்திருந்தது. மறுநாள் காலை ஆபீசர் ஜீப்பில் வந்தார்.

“அண்ணே, டீச்சரம்மா வீட்டைத் திறக்கணும். எல்லாம் அந்தம்மா கிளப்பி விட்டதுதான்.”

“உத்தரவு?”

“அதில்லாம உங்ககிட்ட வருவேனா? நிதானமாப் படிங்க.”

முத்திரை இருந்தது. பூட்டு திறந்தது. வெளியூர் போயிருந்த டீச்சரம்மாவின் மனுக்கட்டுகளையும் கடிதங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

டீச்சரம்மா சும்மா விடவில்லை. விசாரணை வந்தது. வீட்டுக்குள் நுழையத் தனி உத்தரவு இருந்ததாகவும், பூட்டுக்காரர் அதைப் படித்ததாகவும், பிறகு அது தொலைந்துவிட்டதாகவும் ஆபீசர் எழுதிக் கொடுத்திருந்தார்.

விசாரணை அறைக்கு வெளியே பூட்டுக்காரரின் தோளில் கை போட்டார் ஆபீசர். “படிச்சேன்னு ஒரு வார்த்தை போதும்ணே. இல்லேன்னா படிக்கத் தெரியாதுன்னு நாலு பேர் முன்னால நீங்களே சொல்லணும். பொண்ணு வேற வந்திருக்கு. அந்த அசிங்கம் எதுக்கு?”

அந்தக் கை நெருப்பாய்ச் சுட்டது. ‘கூட இருந்தே குழி பறிச்சிருக்கானே’ என்று அப்போதுதான் உறைத்தது.

உள்ளே, கடைத்தெருச் சுவரில் ஒட்டிய தடை உத்தரவை நீதிபதி மேசைமேல் வைத்திருந்தார். சாவியின் பல்லை ஒருமுறை பார்த்தால் மறக்காத கண் பூட்டுக்காரருக்கு. மேலே மூன்று வரி, இடது ஓரம் சரிந்த முத்திரை. அன்று ஆபீசர் நீட்டியதும் இதே காகிதம்தான்.

“எனக்குக் காட்டினது இதுதாங்க,” என்றார்.

“படிச்சீங்களா?”

நடுப்பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க ஐயா.”

பின்வரிசையில் எவனோ சிரித்தான்.

“அப்போ எதை நம்பிக் கையெழுத்துப் போட்டீங்க?”

“கொண்டுவந்த ஆளைங்க.”

ஆபீசர் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

வெளியே வந்ததும் டீச்சரம்மா எதிரே நின்றார். நன்றி சொல்லப்போகிறார் என்று பூட்டுக்காரர் சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

“இருபது வருஷமா இப்படித்தான் திறந்தீங்களா? என் வீடு மட்டும்தானா, இன்னும் எத்தனை வீடு?”

திறந்த கதவுகளெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தன. பூட்டின் எடை, கம்பி பிடித்த இடம், எல்லாமே. காகிதங்களில் என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் தெரியாது.

“தெரியலம்மா,” என்றார்.