கேபிளில் வந்த காட்சி

எங்கள் மருந்துக்கடை குழித்துறையில், பாலத்துக்குப் போகும் சாலையோரம் இருக்கிறது. 2014இல் என் கணவர் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது மார்த்தாண்டத்திலிருந்து ஆள் வரவழைத்துக் கடைக்கு இரண்டு கேமரா மாட்டவைத்தார். ஒன்று கடைக்குள்ளே பார்க்கும், மற்றது சாலையைப் பார்க்கும். பதிவு செய்யும் பெட்டியை மேல் அலமாரியில், டானிக் குப்பிகளுக்குப் பின்னால் வைத்தோம். வைஃபை இருந்ததால் அவர் துபாயில் இருந்தபடியே செல்போனில் கடையைப் பார்ப்பார். மதியம் நான் மேசையில் தலை சாய்த்தால் உடனே போன் அடிக்கும். பெட்டியில் பத்து நாள் பதிவுதான் தங்கும். அதற்குப் பிறகு பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொள்ளும்.

அடுத்த வருஷம் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணி வாக்கில் நான் உள்ளே குளிர்பெட்டியில் இன்சுலின் தேடிக்கொண்டிருந்தேன். வெளியே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால், முட்டத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் அக்காள் தார் விளிம்பில் கிடந்தார். சருவம் கவிழ்ந்து சாளை மீன் சாலையெல்லாம் சிதறியிருந்தது. பக்கத்தில் ஓர் ஆட்டோ நின்றது. அதன் டிரைவர் அவரைத் தூக்கிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கை பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன். டிரைவரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அக்காளுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. எது இடித்தது என்று அவருக்கு நினைவில்லை. சாயங்காலத்துக்குள் ஆட்டோதான் இடித்தது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஆட்டோவைப் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்திவிட்டார்கள்.

எட்டாம் நாள் டிரைவர் கடைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

“அக்கா, ஒங்க கேமராவுல அது விழுந்திருக்கும்லா? நான் இடிக்கல. அவிய விழுந்து கெடந்ததப் பாத்துதான் வண்டிய நிறுத்தினேன்.”

எட்டு நாளாக எனக்கு இது தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. உடனே செல்போனில் அந்த நாளைத் தேடி இறக்கிப் பார்த்தேன். வைஃபை பாதியில் விட்டுவிட்டுப் போகும், மறுபடி தொடங்கும். மூன்றாம் தடவை ஒரு துண்டு வந்து சேர்ந்தது. ஈரத்தில் ஊறிய காகிதம்போல எல்லாம் கலங்கித் தெரிந்தது. அக்காள் நடந்து வருகிறார், படம் உறைகிறது, அடுத்து அவர் கீழே கிடக்கிறார், ஆட்டோ பக்கத்தில் நிற்கிறது. நடுவில் நடந்தது வரவே இல்லை.

அதை ஸ்டேஷனில் காட்டினோம். “இதுல இடிச்சது யாருன்னு எங்கம்மா தெரியுது? நடுவுல வெட்டி எடுத்த மாதிரில்லா இருக்கு” என்றார் எழுத்தர். டிரைவர் என்னைப் பார்த்தார். அந்தத் துண்டு அவருக்கு எதிராகவே போய்விட்டது.

கேமரா மாட்டிய மார்த்தாண்டத்துக்காரரைப் போனில் கூப்பிட்டேன். “வைஃபைல எடுத்தா அப்பிடித்தான் வரும். பெட்டிக்கு நேரா கேபிள் போட்டு எடுக்கணும். ஆனா நான் வெள்ளிக்கிழமை மத்தியானந்தான் வர முடியும்” என்றார். அதற்குள் பத்து நாள் தாண்டிவிடும் என்றேன். “அப்ப பெட்டிய அணைச்சுப் போடுங்க. ஓடலன்னா அழியாது, கேட்டியளா.”

பிளக்கைப் பிடுங்கினேன். ஐந்து நிமிஷத்தில் துபாயிலிருந்து போன். “கடைக்கு என்னாச்சு? ஒண்ணும் தெரியலியே!” விஷயத்தைச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை கேமராக்காரர் வந்து ஒரு நீலக் கேபிளைப் பெட்டிக்கும் பில் போடும் கம்ப்யூட்டருக்கும் நேரடியாக மாட்டினார். அரை மணி நேரப் பதிவு நாலைந்து நிமிஷத்தில் முழுதாக இறங்கியது. திறந்து பார்த்தோம். ஒரு பஸ் வருகிறது. பஸ்ஸுக்கு ஒதுங்கிய ஸ்கூட்டரின் கைப்பிடி அக்காளின் தோளில் இடிக்கிறது. அவர் விழுகிறார். ஸ்கூட்டர் நிற்கிறது. ஓட்டியவர் ஒரு காலை ஊன்றித் திரும்பிப் பார்க்கிறார். பிறகு போய்விடுகிறார். அதற்குப் பிறகுதான் ஆட்டோ வருகிறது.

“கொள்ளாம், நல்ல தெளிவா இருக்கு. நம்பர்கூட தெரியுது” என்றார் கேமராக்காரர். எனக்கு நம்பர் தேவைப்படவில்லை. ஸ்கூட்டரில் இருந்தவர் எனக்குத் தெரிந்த, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். மாதா மாதம் சர்க்கரைக்கு எங்களிடம்தான் மாத்திரை வாங்குவார். விபத்துக்கு இரண்டு நாள் கழித்து வந்து, “இந்த ஆட்டோக்காரனுவ கண்ண மூடிட்டுல்லா ஓட்டுகானுவ” என்று சொன்னார். நானும் தலையாட்டியிருந்தேன்.

கணவரிடம் சொன்னேன். “நமக்கு எதுக்கு வம்பு? முன்னாடி ஸ்டேஷன்ல காட்டுனது போதும்னு விட்டுரு” என்றார்.

“அந்த டிரைவருக்க வண்டி ஸ்டேஷன்ல கெடக்குங்க” என்றேன். “செரி, ஒனக்குத் தோணுகத செய்” என்றார்.

மறுநாள் காலை வாத்தியாரைக் கடைக்கு வரச்சொல்லி, கம்ப்யூட்டரில் அதை ஓட்டிக் காட்டினேன். கடையில் வேறு யாரும் இல்லை. தான் திரும்பிப் பார்க்கும் இடத்தில் அவர் கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

“சார், மத்தியானம் நான் இத ஸ்டேஷனுக்குக் கொண்டு போறேன். அதுக்கு முந்தி நீங்களே போயிருங்க.”

“கூட்டம் கூடி அடிச்சிருவானுவளோன்னு பயந்துட்டேன்” என்றார். ஸ்கூட்டரைக் கடை முன்னாலேயே விட்டுவிட்டு நடந்து போனார். மத்தியானம் நான் ஸ்டேஷனுக்குப் போனபோது அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த வாரமே டிரைவருக்கு ஆட்டோ கிடைத்தது.

ஐந்தாறு மாதம் கழித்து அக்காள் மீண்டும் வந்தார். கம்பு ஊன்றி நடந்தார். சருவத்தைத் தலையில் சுமக்க முடியாமல், எங்கள் கடைக்கு எதிரே ஓரிடத்தில் உட்கார்ந்து விற்றார். வாத்தியார் வந்து பார்த்தாரா என்று கேட்டேன்.

“வந்தாரு மக்கா. கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுட்டே இருந்தாரு. இரிங்க சார்னு நாந்தான் சொன்னேன். சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டுப் போனாரு. பொறவு எல்லா ஞாயித்துக்கெழமையும் வந்தாரு.”

எங்கள் கடைக்கு வாத்தியார் வரவில்லை. மாத்திரைக்கு மனைவியை அனுப்புவார். ஒருநாள் அந்த அம்மாள் சீட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்: “அவருக்கு ஒங்க மேல கோவமில்ல, கேட்டியளா. இஞ்ச வந்து நிக்க வெக்கமா இருக்காம்.”

“வரச் சொல்லுங்க அம்மா” என்றேன். மாத்திரைகளை எண்ணிக் கவரில் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதமும் அந்த அம்மாள்தான் வந்தார்.